தடை செய்யப்பட்ட நூலும் கொடுங்கோலனும்: இளையோர் மிகுபுனைவைத் தமிழில் எழுதினால் எப்படி எழுதலாம்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி (கோலாலம்பூர்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் படிவம் நான்கு, ஐந்து (பதினாறு, பதினேழு வயது) மாணவர்களே அதிகம். அவர்கள் விரும்பிப் படிப்பவை பெரும்பாலும் ஆங்கில மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்கள். அவற்றிலும் ஒரு வகைக்குத் தனி மவுசு இருக்கிறது. ஒரு கொடுங்கோல் அரசு நூல்களைத் தடை செய்கிறது. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி ஒளித்து வைக்கப்பட்ட ஒரு நூலைக் கண்டெடுக்கிறாள். அதைப் படித்ததும் அவளுக்கு ஏதோ ஓர் ஆற்றல் பிறக்கிறது. கடைசி அத்தியாயத்தில் கோட்டை விழுகிறது. இப்படியொரு நாவலை வட்டத்து மாணவர்களே தமிழில் கூட்டாக எழுதிப் பார்க்கலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அவர்கள் எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

இந்த நாவல்களில் கொடுங்கோலன் எப்போதும் தீயைத்தான் மூட்டுகிறான். வரலாற்றில் அது நடக்காமல் இல்லை. கி.மு. 213இல் சீனாவின் சின் பேரரசு பிறப்பித்த நூலெரிப்பு ஆணையும், 1933 மே 10 அன்று பெர்லினில் மாணவர்களே முன்நின்று எரித்த நூற்குவியலும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் ஒரு நூலை எரிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட அரசு ஏற்கெனவே பாதி தோற்றுவிட்ட அரசு என்று நான் நினைக்கிறேன். அந்த நூல் எழுதப்பட்டுவிட்டது, அச்சாகிவிட்டது, பலர் கைக்கும் போய்விட்டது. எரிப்பதற்கு நூலே இல்லாதபடி பார்த்துக்கொள்கிற அரசுதான் கைதேர்ந்த அரசு. அத்தகைய அரசைப் பதினைந்து வயது வாசகருக்கு அலுப்புத் தட்டாமல் எப்படிக் காட்டுவது?

இரவு வாசிப்பு (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம், டீச்சர். வட்டத்தில் பின்வரிசையில் உட்காருகிறவன்தான் எழுதுகிறேன். நீங்கள் தீயைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் அத்தியாயத்தில் நூல்கள் எரிந்தால், யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது ஒரு பக்கத்துக்குள் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடும் ஓர் அதிகாரியை எதிர்த்து எந்தக் கதாநாயகி வாளெடுப்பாள்? எடுத்தாலும் அவளைத்தான் வாசகர்கள் பைத்தியம் என்பார்கள். எங்கள் வயதில் கோபத்துக்கு ஒரு முகம் வேண்டும். கடற்பறவையும் மலைப்பாம்பும் கலந்த ஒரு பறக்கும் விலங்கை நான் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லி விடுகிறேன்.

யாழ்ப்பேரன் (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

எரிக்கும் அரசு பாதி தோற்ற அரசு என்று டீச்சர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1981 மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அங்கிருந்த நூல்கள் தடைப்பட்டியலில் இருந்தவை என்று எவரும் சொல்லவில்லை. அவற்றின் பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று எரித்தவர்கள் புரட்டிப் பார்க்கவும் இல்லை. ஒரு மக்கள் கூட்டம் தன்னுடையது என்று நிமிர்ந்து பார்த்த கட்டடம் அது என்பதே போதுமான காரணமாக இருந்தது. என் பாட்டியின் தலைமுறையினர் செந்தூலில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்தியைக் கேட்டார்கள். அவர்களில் பலர் அந்த நூலகத்துக்குள் காலெடுத்து வைக்காதவர்கள். ஆனாலும் வீட்டில் சாவு விழுந்ததைப் போலத்தான் இருந்தார்கள்.

மாணவர்கள் எழுதப்போகிற கதைக்கு இதிலிருந்து ஒன்றைச் சொல்ல முடியும். அச்சு நூல் எரிந்தால் இன்னொரு பிரதி மதுரையிலோ இலண்டனிலோ இருக்கக்கூடும். ஓலைச்சுவடியும் கையெழுத்துப் பிரதியும் எரிந்தால் அத்தோடு முடிந்தது. உங்கள் கற்பனை நாட்டில் அச்சு இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கதையின் ஆபத்து முழுவதும் அந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது.

வழக்குக் கட்டு (கோலாலம்பூர்) எழுதியது:

அச்சு இருக்கும் நாடாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து, ஏனென்றால் அச்சு இருந்தால்தான் டீச்சர் சொல்லும் கைதேர்ந்த அரசுக்கு வேலை இருக்கும். சட்டம் என்றதும் தம்பி கொட்டாவி விட வேண்டாம். கதைக்கு வேண்டிய பொருள் நம் மலேசிய நாட்டுச் சட்ட வரலாற்றிலேயே கிடக்கிறது.

1984ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்படி, ஒரு வெளியீடு பொது ஒழுங்குக்கோ ஒழுக்கத்துக்கோ பாதுகாப்புக்கோ ஊறு விளைவிக்கக்கூடும் என்று கருதினால், உள்துறை அமைச்சர் அரசிதழில் ஆணை வெளியிட்டு அதைத் தடை செய்யலாம். தடை செய்யப்பட்ட நூலைத் தக்க காரணமின்றி வைத்திருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். அதை அச்சிடுபவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் விற்பவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையோ, 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வாசகருக்கும் அச்சகத்தாருக்கும் இடையே தண்டனையில் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வைக் கவனியுங்கள். நம் மிகுபுனைவு நாவல்களில் நூலைப் படித்த பெண்ணைத்தான் குதிரைவீரர்கள் காடு மேடெல்லாம் துரத்துகிறார்கள். அதை அச்சிட்டவர் யார், காகிதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தளபதிகூட விசாரிப்பதில்லை. உண்மையான அரசு முதலில் கேட்பது அதைத்தான். நூலின் மீது அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது அழகுக்காக அன்று.

இன்னொன்றும் உண்டு. 2012இல் சட்டம் திருத்தப்படும்வரை அச்சக உரிமத்தையும் நாளிதழ் அனுமதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபர் 27 அன்று தொடங்கிய லாலாங் என்ற கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டதோடு, 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வாத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமமும் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில்தான் அவை மறுபடி வெளிவரத் தொடங்கின. எங்கும் தீ மூட்டப்படவில்லை. உங்கள் நாவலில் வரும் அரசு ஆண்டுக்கொரு முறை எல்லா அச்சகத்தாரையும் அரண்மனைக்கு அழைத்து, விருந்து வைத்து, உரிமத்தைத் திருப்பித் தரட்டும். யாருக்கு இலை போடப்படவில்லை என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கட்டும். தம்பி கேட்ட முகம் அந்தப் பந்தியில் கிடைக்கும்.

ஈய எழுத்து (ஜெலுத்தோங், பினாங்கு) எழுதியது:

வழக்குக் கட்டு அவர்கள் எழுதியதைப் படித்தபோது பழைய முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தது. நான் பினாங்கில் அச்சுக் கோப்பவனாக வேலை பார்த்தவன். கணினி வந்தபின் தொழில் மாறிவிட்டது. எங்கள் அச்சகத்தில் அரசாங்கத்தார் வந்து ஒரு வரியை வெட்டச் சொல்லி நான் பார்த்ததில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. முதலாளியே சிவப்புப் பென்சிலோடு புரூப்பைப் பார்ப்பார். அவர் பார்ப்பதற்கு முன் மேற்பார்வையாளர் பார்ப்பார். அவர் என்ன வெட்டுவார் என்பது தெரிந்து நாங்களே கைப்பிரதியை வாங்கும்போது முணுமுணுப்போம். எழுதுகிறவருக்கும் அது தெரியும். இப்படி மேலிருந்து கீழே வந்த அச்சம், மேலே இருப்பவர் ஒரு சொல்லும் பேசாமலேயே வேலையை முடித்துவிடும். முதலாளி கெட்டவர் அல்லர். பன்னிரண்டு குடும்பங்கள் அவர் உரிமத்தை நம்பி இருந்தன.

மாணவர்களுக்குத் தொழில் நுட்பம் ஒன்றைச் சொல்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும். ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதைப் போல இடம் மாறி இருக்கும். அச்சுக் கோப்பவர் அவற்றைத் தலைகீழாக வைத்து இடமிருந்து வலமாகப் படிப்பார். பழகாதவர் கண்ணுக்கு அது ஒன்றும் புரியாது. அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அவற்றுக்குரிய அறைகளில் போட்டுவிடுவோம். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் இருந்த தடமே இருக்காது. திருமண அழைப்பிதழ் கோத்திருக்கும் தட்டின் ஓரத்தில் நான்கு வரி அதிகமாகக் கோத்து, மை தடவி ஒரே ஒரு தாள் எடுத்து, உடனே பிரித்துப் போட்டுவிட்டால், சோதனைக்கு வருகிறவர் எதைப் பறிமுதல் செய்வார்? இளையோர் கதையில் அச்சகத்தில் எடுபிடி வேலை செய்யும் ஒரு பெண்ணை வையுங்கள். அரண்மனையில் வளர்ந்து இரகசிய நூலகத்தில் நூலைக் கண்டெடுக்கும் இளவரசியைவிட அவளுக்குச் செய்வதற்கு நிறைய இருக்கும்.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1910இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் பினாங்கில் இருந்தபோது, ஆர்மேனியன் தெரு 120ஆம் எண் வீட்டிலிருந்து இயங்கினார். 'குவோங் வா' நாளிதழ் அந்த ஆண்டில் அங்கிருந்துதான் தொடங்கியது. பீக்கிங்கில் இருந்த பேரரசின் கை ஜார்ஜ்டவுன் சந்துக்குள் நீள முடியவில்லை. பாரதியார் 1908இல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய் 'இந்தியா' இதழை நடத்தியதும் இதே கணக்குத்தான். அடுத்த ஆட்சியாளர் நல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஆட்சியாளரோடு அவருக்குச் சண்டை இருந்தாலே போதும். ஆனால் அந்த இடைவெளியும் நிலையானதன்று. 1910 முடிவதற்குள் ஆங்கிலேயர் சுன் யாட்-சென்னைப் பினாங்கிலிருந்து வெளியேறச் செய்துவிட்டனர்.

இரவு வாசிப்பு எழுதியது:

ஈய எழுத்து ஐயா, அச்சகப் பெண்ணை எடுத்துக்கொள்கிறோம். திருமண அழைப்பிதழையும் எடுத்துக்கொள்கிறோம். உரிம விருந்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் மாயம் எங்கே இருக்கிறது? இதை அப்படியே எழுதினால் வரலாற்று நாவலாகிவிடும்; அதை எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்தால் போதும் என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

கொம்தார் நிழல் (பினாங்கு) எழுதியது:

மாயம் எங்கே என்று தம்பி கேட்கிறார். நம் மரபில் ஏடுகளுக்கு நேர்ந்த மாயங்களைக் கேட்டால், வெளியிலிருந்து ஒன்றும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

நாலடியார் தோன்றிய கதையை எடுத்துக்கொள்வோம். பஞ்சம் பிழைக்கப் பாண்டிய நாட்டுக்கு வந்த எண்ணாயிரம் சமண முனிவர்கள் தம் நாடு திரும்ப விரும்பினார்கள். அரசன் விடை கொடுக்கவில்லை. ஆளுக்கொரு வெண்பா எழுதி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, இரவோடு இரவாகப் புறப்பட்டுவிட்டார்கள். சினந்த அரசன் ஏடுகளையெல்லாம் வையையில் எறியச் சொன்னான். அவற்றுள் நானூறு ஏடுகள் வெள்ளத்தை எதிர்த்து நீந்திக் கரை சேர்ந்தன என்று கதை சொல்கிறது. கொடுங்கோல், தப்பித்தல், அழிப்பு, எதிர்நீச்சல் என்று நீங்கள் கேட்பதெல்லாம் ஐந்து வரிக்குள் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது நீந்திய நானூறு அன்று. மூழ்கிப்போன ஏழாயிரத்து அறுநூறு. அவற்றில் என்ன இருந்தது என்று கேட்கும் ஒரு பாத்திரம் உங்கள் நாவலில் இருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மதுரையில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் வாதத்தில் சம்பந்தர் இட்ட ஏடு தீயில் வேகவில்லை, சமணர் இட்ட ஏடு எரிந்துபோயிற்று. வையையில் சம்பந்தர் ஏடு எதிரேறியது, சமணர் ஏடு கடலை நோக்கிப் போயிற்று. பக்தியோடு படிக்கிறவருக்கு இது அற்புதம். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். ஆனால் நூல் அழிப்பைப் பற்றி நாவல் எழுதுகிறவர், எரியாத ஏட்டின் கதையை வென்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். உங்கள் கதாநாயகியின் நூல் தீயில் எரியாமல் இருந்தால், அது உண்மை என்பதால் எரியவில்லையா, அல்லது எரியவில்லை என்று பிற்பாடு அவள் கட்சியினர் எழுதிவைத்தார்களா? இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தால் நாவல் பெரியவர்களையும் படிக்க வைக்கும்.

மூன்றாவதாக ஒன்று, இதுவே எனக்கு மிகவும் வேண்டியது. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. அதை மறுப்பதற்கென்றே எழுந்த நீலகேசி என்ற சமண நூல் உரையோடு கிடைத்திருக்கிறது. குண்டலகேசி என்ன வாதிட்டது என்பதில் ஒரு பகுதியை அதன் எதிரி எழுதிய நூலிலிருந்துதான் நாம் தெரிந்துகொள்கிறோம். மறுக்க வேண்டுமென்றால் மேற்கோள் காட்டியாக வேண்டுமல்லவா? ஆகவே ஈய எழுத்து ஐயாவின் அச்சகப் பெண், தடை செய்யப்பட்ட நூலைக் காடு மேடெல்லாம் தேட வேண்டாம். அரசின் தலைமைத் தணிக்கையாளர் எழுதிய கண்டன நூல் ஒவ்வொரு பள்ளியிலும் கட்டாயப் பாடமாக இருக்கட்டும். அதில் கண்டிப்பதற்காக மேற்கோள் காட்டப்பட்ட வரிகளை மட்டும் அவள் பொறுக்கி அடுக்கத் தொடங்கட்டும். தணிக்கையாளருக்கே உள்ளூர அந்த நூலின் மேல் ஆசை இருந்து, வேண்டுமென்றே நீளநீளமாக மேற்கோள் காட்டியிருக்கிறாரோ என்ற ஐயம் பாதி நாவலில் எழட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

கொம்தார் நிழல் அவர்கள் சொன்ன மூன்றாவது வழியைச் சனிக்கிழமை வட்டத்தில் படித்துக் காட்டினேன். பின்வரிசைகூட அமைதியாகிவிட்டது என்பதைப் பதிவு செய்கிறேன். யாழ்ப்பேரன் அவர்களின் மறுப்பையும் சேர்த்துப் படித்தேன். எல்லா எரிப்பும் தோல்வியின் அடையாளம் என்று எழுதுவதற்கில்லை. ஒரு நூலை ஒடுக்குவதும் ஒரு மக்களின் நினைவை ஒடுக்குவதும் வெவ்வேறு காரியங்கள்.

ஆனால் எவரும் தொடாத ஒன்று இருக்கிறது. அந்தத் தடை நூலில் என்னதான் எழுதியிருக்கிறது? நான் படித்த இவ்வகை நாவல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் நழுவிவிடுகின்றன. முந்நூறு பக்கம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய நூலைத் திறந்தால், உள்ளே ஒரு மந்திரமோ, புதையல் வரைபடமோ, கதாநாயகிதான் உண்மையான வாரிசு என்ற செய்தியோ இருக்கிறது. ஓர் அரசு அஞ்ச வேண்டிய நூல் இவ்வளவுதானா?

தோட்டத்து மகள் (கிள்ளான், இப்போது கோலாலம்பூர்) எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டீச்சரின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. அந்த நூலில் பெயர்கள் இருக்கட்டும். வேறு எதுவும் வேண்டாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அது வருகைப் பேரேடு. காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கூடியதும் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பெயர் கூப்பிடுவார். அந்தப் பேரேட்டில் பெயர் இருந்தால் கூலி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளம். போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லும், பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு, அவர்களுள் தமிழர் பல்லாயிரம் பேருக்கு, அப்படியொரு கல் இல்லை. முழுமையான பட்டியலும் இல்லை. என் பாட்டியின் அண்ணன் போனவர் திரும்பவில்லை. அவர் பெயர் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே ஓர் அரசு அஞ்சும் நூல் எது என்று கேட்டால், இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள், இத்தனை பேர் திரும்பவில்லை, இதோ பெயர்கள் என்று சொல்லும் ஒரு பேரேடுதான். அதில் அரசைத் திட்டி ஒரு சொல்கூட இருக்காது. எந்தச் சட்டப் பிரிவின்கீழ் அதைத் தடை செய்வது என்று தணிக்கையாளர் திணற வேண்டியிருக்கும்.

வழக்குக் கட்டு எழுதியது:

பேரேடு மிகச் சிறந்த யோசனை. சட்டம் படித்தவன் என்ற முறையில், அதைத் தடை செய்ய அவர்களுக்கு ஒரு பிரிவு கட்டாயம் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கதைக்கு இன்னொரு முடிச்சும் தேவை என்று நினைக்கிறேன், சிலருக்குக் கசக்கலாம். 2011இல் அப்துல்லா ஹுசேனின் 'இந்தர்லோக்' நாவல் படிவம் ஐந்து மலாய் இலக்கியப் பாடநூலாக வந்தபோது, அதில் இந்தியரைக் குறித்து வந்த சாதிச் சொல்லை எதிர்த்து நம் சமூகம் கொதித்தெழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நூல் பாடத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. கட்டாயப் பாடமாக ஒரு நூலைத் திணிப்பதை எதிர்ப்பதும் ஒரு நூலை நாட்டில் தடை செய்யக் கேட்பதும் ஒன்றல்ல என்பது என் உறுதியான கருத்து. நம் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த மாதங்களில் நம்மவர் சிலர் பேசிய பேச்சில் இந்த இரண்டும் குழம்பிப்போனதை நான் கேட்டிருக்கிறேன். நாவலில் கோட்டை விழுந்த மறுநாள், கிளர்ச்சிக்காரர்களின் சபை கூடி, பழைய தணிக்கையாளரின் கண்டன நூலை எல்லாப் பள்ளிகளிலிருந்தும் அகற்றி அழிக்க ஆணையிட்டால், அச்சகப் பெண் என்ன செய்வாள்? கொம்தார் நிழல் சொன்னபடி, தடை செய்யப்பட்ட நூலின் மிச்சம் அந்தக் கண்டனத்துக்குள்தானே இருக்கிறது?

யாழ்ப்பேரன் எழுதியது:

இந்த முடிச்சை மாணவர்கள் விடவே கூடாது. வென்றவர்கள் அன்று மாலை கூடும் சபைதான் கதையின் உச்சக்காட்சி. கோட்டை விழுவதை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுங்கள்.

இரவு வாசிப்பு எழுதியது:

வட்டத்தில் பேசி ஒரு சட்டகத்துக்கு வந்திருக்கிறோம். கண்டன நூலுக்குள் மேற்கோளாகச் சிதறிக் கிடப்பது ஒரு பெயர்ப் பேரேடு. தணிக்கையாளர் "இத்தகைய பொய்யான பெயர்களை இட்டுக்கட்டியிருக்கிறார்கள்" என்று பக்கத்துக்குப் பக்கம் பெயர்களை எடுத்துக்காட்டிக் கண்டித்திருக்கிறார். அச்சகப் பெண் அவற்றைத் திருமண அழைப்பிதழ்களின் ஓரத்தில் நான்கு நான்காக அச்சிடுகிறாள். மாயம் என்னவென்றால், ஒரு பெயர் அச்சாகி, அதை ஒருவர் உரக்கப் படித்தால், அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடு எழுந்து வருவார். அவர்கள் எல்லாரும் சேர்ந்து கடைசியில் கோட்டைக்குள் நுழைவார்கள். என் பறக்கும் விலங்கு அவர்களைச் சுமந்து வரும்.

தோட்டத்து மகள் எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அருமை. உயிரோடு எழுந்து வருவதை மட்டும் எடுத்துவிடுங்கள். என் பாட்டி தன் அண்ணனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே வயதானவர். செத்தவர் திரும்பி வந்துவிடுவார் என்று கதை சொன்னால், ஏற்றிக்கொண்டு போனவன் செய்த குற்றம் அந்த இடத்திலேயே மன்னிக்கப்பட்டுவிடுகிறது. அவர் வரவில்லை என்பதுதான் அந்தப் பேரேட்டின் கனம். மாயம் வேண்டுமென்றால் படிப்பவருக்கு ஏதாவது நேரட்டும், படிக்கப்பட்டவருக்கு வேண்டாம்.

இரவு வாசிப்பு எழுதியது:

அக்கா, இதைப் பற்றி வட்டத்தில் சண்டையே வந்துவிட்டது. திரும்பி வராவிட்டால் மிகுபுனைவு எதற்கு என்று ஒரு பாதி கேட்டது. மறுபாதி உங்கள் பக்கம். கடைசியில் இப்படி வைத்திருக்கிறோம். பெயரை உரக்கப் படித்தவருக்கு, அந்த மனிதர் இறப்பதற்கு முன் வாழ்ந்த ஒரு சாதாரண நாள் முழுதும் நினைவில் ஏறிவிடும். ரப்பர்ப் பால்மரம் வெட்டியது, பொரித்த கருவாட்டின் வாசம், பிள்ளையின் பல் விழுந்தது என்று அந்த நாளில் இருந்ததெல்லாம் தன் சொந்த நினைவைப் போலவே ஒட்டிக்கொள்ளும், போகாது. பத்துப் பெயர் படித்தவர் பத்து நாள்களைச் சுமக்க வேண்டும். நூறு படித்தவருக்குத் தன் நாள் எது, அவர் நாள் எது என்ற எல்லை குழம்பத் தொடங்கும். ஆகவே ஒருவரே முழுப் பேரேட்டையும் படிக்க முடியாது. ஊர் முழுவதும் பங்கு போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். தணிக்கையாளர் தன் கண்டனத்தை எழுதுவதற்காக எல்லாப் பெயர்களையும் தனியாக, வாய்விட்டுப் படித்தவர். அவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்பது பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் தெரியும். பறக்கும் விலங்கை நான் விட்டுக்கொடுக்கவில்லை; அது கோட்டையின் பக்கம் நிற்கிறது, பெயரில்லாதவர்களை மட்டும் வேட்டையாடுகிறது.

ஈய எழுத்து எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஒரு தொழில் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அச்சுக் கோப்பவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் கோப்பார். அந்தப் பழக்கத்தை விட எவராலும் முடியாது. அப்படியானால் அந்தப் பெண் ஒவ்வோர் அழைப்பிதழுக்கும் நான்கு நாள்களைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறாள். முணுமுணுத்தால் அது உரக்கப் படித்த கணக்கில் சேருமா?

இரவு வாசிப்பு எழுதியது:

சேரும், ஐயா. இதை நாங்கள் யோசிக்கவில்லை, ஆனால் சேரும். அப்படியானால் ஏழாம் அத்தியாயத்திலிருந்து திருத்த வேண்டும். அச்சகத்தில் இன்னும் இரண்டு பேரை அவளோடு வேலைக்குச் சேர்க்கிறோம். அவர்களில் ஒருவர் முதலாளி.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

முதல் ஆறு அத்தியாயங்களின் கைப்பிரதி அடுத்த சனிக்கிழமைக்குள் எனக்கு வர வேண்டும். சந்திப்பிழை பார்த்துத் தருவதாகக் கொம்தார் நிழல் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார். உரிம விருந்துக் காட்சியை வழக்குக் கட்டு அவர்கள் ஒருமுறை படித்துப் பார்த்தால் நல்லது. விருந்தில் யாருக்கு இலை போடவில்லை என்பதில் மாணவர்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை.